ஆறு கம்பங்களுக்கு நடுவே

ரோடியோ என்கிற அமெரிக்க மாட்டுக்காரர் விளையாட்டு என்றால் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது காளைதான். எட்டு நொடி தாக்குப்பிடிக்க முடியாமல் தூக்கி வீசப்படும் ஆள், களத்தில் பறக்கும் தொப்பி. டெக்ஸாஸில் ஒரு சிறுவர் ரோடியோவுக்குப் போய் நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தால், அந்தக் காளைக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு கொஞ்சம் என்பது தெரியும். மீதி நேரத்தில் பெரும்பகுதி குதிரைக்கும் பிள்ளைக்கும் கடிகாரத்துக்கும்தான். மூன்று பீப்பாய்களைச் சுற்றி ஓடுவது, ஆறு கம்பங்களுக்கு இடையே நுழைந்து நுழைந்து வருவது, ஒரு வாளியில் செருகியிருக்கும் கொடியைப் பிடுங்கி இன்னொரு வாளியில் செருகுவது. என் மகள் குதிரை ஏறத் தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டு வார இறுதிகள் இந்தப் புழுதியில்தான் போகின்றன.

இவற்றில் என் மனசுக்குப் பிடித்தது கம்பங்கள். இங்கே அதன் பெயர் ‘போல் பெண்டிங்’ (pole bending). பீப்பாய் ஓட்டத்துக்கு இருக்கும் பெயரில் கால்வாசிகூட இதற்குக் கிடையாது. எனக்கு அது பெரிய குறையாகவே இருக்கிறது.

பீப்பாயை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். முக்கோணமாக மூன்று 55 கேலன் பீப்பாய்கள். முதல் இரண்டுக்கும் நடுவே 90 அடி; அந்த இரண்டிலிருந்தும் மூன்றாவதற்கு 105 அடி; தொடக்கக் கோட்டிலிருந்து முதல் இரண்டுக்கு 60 அடி. இது முழு அளவுக் களத்தின் கணக்கு. சின்ன ஊர்க் களங்களில் இடத்துக்குத் தகுந்தபடி குறைத்துக்கொள்வார்கள். மூன்றையும் சுற்றிவிட்டு நேராகப் பாய்ந்து வந்து கோட்டைத் தாண்ட வேண்டும். பீப்பாய் ஒன்று விழுந்தால் 5 நொடி கூடும். சுற்றும் வழி தப்பினால் நேரமே எழுதமாட்டார்கள். முழு அளவுக் களத்தில் 17 நொடிச் சொச்சத்தில் ஓடும் குதிரை பெரிய குதிரை.

இதற்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. 1948-இல் டெக்ஸாஸின் சான் ஆஞ்சலோவில் 38 பெண்கள் கூடித் தங்களுக்கென்று ஒரு ரோடியோ சங்கம் தொடங்கினார்கள். ரோடியோவில் பெண்களை அழகிப் போட்டிக்கு மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் சங்கம்தான் இன்றைய பெண்கள் தொழில்முறை ரோடியோ சங்கம். அவர்கள் விடாமல் நின்றதால்தான் இன்று லாஸ் வேகாஸ் தேசிய இறுதிப் போட்டியில் பெண்கள் பீப்பாய் ஓடுகிறார்கள்.

இந்தக் களத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த பெயர் சார்மேன் ஜேம்ஸ். நியூ மெக்ஸிகோவின் கிளேட்டன் என்ற சின்ன ஊர்ப் பெண். 1984-இல் முதல் உலகப் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 14. அவருடைய குதிரை ஸ்காம்பர், ஆட்களைக் கீழே தள்ளுவதில் பேர்போனது, 1,100 டாலருக்கு வாங்கியது. 1984 தொடங்கி 1993 வரை தொடர்ந்து பத்துப் பட்டம். 1985 தேசிய இறுதிப் போட்டியில் ஒரு சுற்றில் களத்துக்குள் பாயும்போதே ஸ்காம்பரின் தலையிலிருந்து கடிவாளம் அவிழ்ந்துவிட்டது. இழுத்துத் திருப்ப எதுவுமில்லாமல் மூன்று பீப்பாய்களையும் சுற்றி வந்து அந்தச் சுற்றில் முதலிடம் வாங்கினார்கள். இந்தக் கதையைக் கேட்காத பிள்ளை இங்கே கிடையாது. குதிரையைத் திருப்புவது கை மட்டும் செய்கிற வேலையில்லை என்று பயிற்சியாளர்கள் எவ்வளவு சொன்னாலும் ஏறாதது, இந்த ஒரு கதையில் ஏறிவிடும்.

ஆக, பீப்பாய் ஓடும் ஒரு சிறுமிக்கு முன்னால் ஒரு பாதை தெரிகிறது. பள்ளி, அப்புறம் கல்லூரி ரோடியோ, அப்புறம் தொழில்முறை, பணம், லாஸ் வேகாஸ். கம்பத்துக்கு அப்படி எதுவும் இல்லை. கல்லூரி ரோடியோவில் பெண்களுக்குப் பீப்பாய் உண்டு, ஆட்டைப் பிடித்துக் கால்களைக் கட்டுதல் உண்டு, கன்றின் மேல் கயிறு வீசுதல் உண்டு; கம்பம் கிடையாது. தொழில்முறை ரோடியோவிலும் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்போடு ரோடியோவில் கம்பம் முடிந்துவிடுகிறது. பதினெட்டு வயதில் ஒரு பெண் இதில் நாட்டிலேயே முதல் ஆளாக இருந்தாலும், அந்தத் திறமையை வைத்து அடுத்த வருஷம் போய் நிற்க ஒரு ரோடியோ மேடை இல்லை. இது வேண்டாத விளையாட்டு என்று சில பெற்றோர் இதனால்தான் நினைக்கிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. பின்னால் காசு வராது என்று தெரிந்தே ஒரு பிள்ளை வருஷக்கணக்கில் ஒரு குதிரையோடு சேர்ந்து இந்தக் கஷ்டமான வேலையைப் பழகுகிறதே, அதற்கு நிகரான ஒன்றை நான் வேறு எந்தப் பள்ளி விளையாட்டிலும் பார்த்ததில்லை.

கஷ்டமான வேலை என்று சும்மா சொல்லவில்லை. ஆறு அடி உயரமுள்ள ஆறு கம்பங்கள் ஒரே நேர்கோட்டில் நிற்கும். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையே 21 அடி. தொடக்கக் கோட்டிலிருந்து முதல் கம்பத்துக்கும் 21 அடி. கம்பத்தைத் தரையில் புதைக்க மாட்டார்கள். அடியில் ஒரு வட்டத் தட்டு, அவ்வளவுதான். முழங்கால் லேசாகப் பட்டாலே ஆடும். ஆடினால் பரவாயில்லை. விழுந்தால் ஒவ்வொன்றுக்கும் 5 நொடி.

பிள்ளை முதலில் வரிசையின் ஒரு பக்கமாக நேராகப் பாய்ந்து கடைசிக் கம்பம் வரை போக வேண்டும், 126 அடி. அதைச் சுற்றித் திரும்பி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று மாறி மாறி நுழைந்து முதல் கம்பம் வரை வர வேண்டும். அதைச் சுற்றித் திரும்பி, மறுபடி அதே மாதிரி நுழைந்து கடைசிக் கம்பம். அதையும் சுற்றி நேராகத் தொடக்கக் கோட்டுக்குத் திரும்பும் பாய்ச்சல். எல்லாம் சேர்த்து நல்ல குதிரைக்கு 20 நொடி, 21 நொடி. 19-இல் ஓடுகிறவர்கள் தேசிய உயர்நிலைப் பள்ளி இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோகிற தரத்தில் குதிரை வைத்திருப்பவர்கள். உயர்நிலைப் பள்ளி ரோடியோவில் நொடியை ஆயிரத்தில் ஒரு பங்கு வரைக்கும் பார்க்கிறார்கள்.

இதில் உயிர்நாடி அந்த நுழைந்து வருவதுதான். பாய்ச்சலில் ஓடும் குதிரை எப்போதும் ஒரு பக்கத்து முன்னங்காலை மற்றதைவிட முன்னே எட்டிப் போடும். இடப்பக்கம் வளையும்போது இடது கால் முந்த வேண்டும், வலப்பக்கம் வளையும்போது வலது கால். அப்படி முந்தினால்தான் அது தன் எடையைத் தாங்கிக்கொண்டு சமநிலை கெடாமல் வளைய முடியும். கம்பங்களுக்கு நடுவே வரும்போது ஒவ்வொரு இடைவெளியிலும் வளைவின் திசை மாறுகிறது. போக ஐந்து, வர ஐந்து. ஒவ்வொரு முறையும், நான்கு கால்களும் தரையில் படாமல் காற்றில் இருக்கும் அந்த இமைப்பொழுதில், குதிரை தன் கால் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு அதன் கையில் இருப்பது 21 அடி, அதாவது ஒன்றிரண்டு தாவல்.

முன்னங்கால் மட்டும் மாறிப் பின்னங்கால் மாறாமல் போவதும் உண்டு. அப்போது குதிரையின் முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி இன்னொரு பக்கமுமாக இழுபடும். மேலே இருக்கும் பிள்ளைக்கு இடுப்பில் உலுக்கி எடுக்கும். குதிரையின் இடுப்புப் பகுதி வெளியே தள்ளி அடுத்த கம்பத்தைச் சாய்த்துவிடும். கம்பம் விழுந்தால் கூட்டத்தில் எல்லோரும் கடைசியாக விழுந்த கம்பத்தைத்தான் பார்ப்பார்கள். உண்மையில் தப்பு அதற்கு இரண்டு கம்பம் முன்பே தொடங்கியிருக்கும். எங்கே கால் மாறத் தவறியது என்று கண்டுபிடிக்கப் பழகிவிட்டால், அப்புறம் இந்த ஆட்டத்தைப் பார்க்கிற விதமே வேறு.

பீப்பாயில் ஒரு நல்ல குதிரையின் வேகம் பிள்ளையின் பல குறைகளை மூடிவிடும். கம்பத்தில் மூட இடமில்லை. கையை அரை நொடி முன்னால் கொண்டுபோனால் குதிரை முன்னாலேயே தோளைச் சாய்க்கும். தோள் சாய்ந்தால் கம்பம் போச்சு. அரை நொடி தாமதித்தால் அடுத்த வளைவு அகலமாகும். அகலமானதைச் சரிக்கட்ட அதற்கடுத்தது இன்னும் அகலமாகும். பயந்துகொண்டு கடிவாள வாரை இறுக்கிப் பிடிக்கிற பிள்ளையின் குதிரைக்குத் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

எங்களுக்குக் குதிரையை லீஸுக்குக் கொடுத்திருக்கும் அந்தம்மா வயதில் மூத்தவர். வாழ்நாள் முழுக்கக் குதிரைகளோடு இருந்தவர். மகளுக்கு அவர் முதலில் கற்றுக்கொடுத்தது நடை. குதிரையைக் கம்பங்களுக்கு நடுவே நடக்க வைத்து, ஒவ்வொரு கம்பத்துக்கும் பக்கத்தில் நிறுத்தி, ஓர் அடி பின்னால் தள்ளி, மறுபடி நடத்தி. மகள் பொறுமை இழந்து, "எப்போ ஓட விடுவீங்க?" என்று கேட்பாள். "உன் முட்டி கம்பத்தைத் தாண்டற வரைக்கும் திருப்பாம இருக்கப் பழகு. அது வந்துடுச்சுன்னா நான் சொல்லவே வேண்டாம், குதிரையே ஓடும்" என்பார். குதிரையின் விலாவில் உள்பக்கக் காலால் லேசாக அழுத்தினால் அது கம்பத்தைச் சுற்றி உடம்பை வளைக்கும். அந்த அழுத்தம் எவ்வளவு, எப்போது எடுக்க வேண்டும் என்பதற்குப் பாடப் புத்தகம் கிடையாது. பல மாதம் நடையில், அப்புறம் மெல்லோட்டத்தில், அப்புறம்தான் பாய்ச்சலில். வீட்டுப் பயிற்சியில் முழு வேகத்தில் கம்பம் ஓட்டுவதை அவர் ஏறக்குறைய அனுமதிப்பதே இல்லை. தினம் முழு வேகத்தில் ஓட்டினால் குதிரைக்குக் கம்பத்தைப் பார்த்தாலே பதற்றம் வந்துவிடும். களத்தின் வாசலுக்குள் நுழையவே மறுக்கும். அப்படிக் கெட்டுப்போன குதிரைகளை ஒவ்வொரு ரோடியோவிலும் பார்க்கிறேன். வாசலில் நின்று பின்னங்காலில் எழும், சுழலும், வியர்வையில் நனைந்து நடுங்கும். அதன் மேல் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் சின்னப் பிள்ளை. வெளியில் நின்று "அடி, உதை" என்று கத்துவது பெரியவர்கள். அந்தக் கத்தலைக் கேட்கும்போது எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

போட்டி நாளைப் பற்றிச் சொன்னால் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். குதிரைக்காரர்கள் வானிலையைவிட அதிகமாகப் பேசுவது மண்ணைப் பற்றி. மேல்மண் தளர்வாக இருந்து கீழே இறுகியிருந்தால் வளையும்போது பின்னங்கால் வழுக்கும். ஒரேயடியாக ஆழமாக இருந்தால் தசைநார் பிசகும். அதனால்தான் குறிப்பிட்ட எண்ணிக்கைக் குதிரைகள் ஓடியதும் டிராக்டர் வந்து மண்ணைக் கிளறி மட்டப்படுத்திவிட்டுப் போகிறது. மட்டப்படுத்தியதும் முதலில் ஓடுபவருக்கு ஒரு மண், கடைசியில் ஓடுபவருக்கு வேறு மண். கடைசிக் கம்பத்தைச் சுற்றி அதற்குள் ஒரு பள்ளமே விழுந்திருக்கும். கம்பம் விழும்போதெல்லாம் இரண்டு தன்னார்வலர்கள் ஓடிப்போய் நிமிர்த்தி, அடையாளம் வைத்த இடத்தில் சரியாக உட்கார வைப்பார்கள். வெயிலில் நாள் முழுக்க அந்த வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே வளர்ந்து போய்விட்ட பிள்ளைகளின் அப்பாக்கள்.

மாநில அளவில் ஒவ்வொரு போட்டி வகையிலும் முதல் நான்கு பேர் தேசிய உயர்நிலைப் பள்ளி இறுதிப் போட்டிக்குப் போகிறார்கள். அமெரிக்க மாநிலங்கள் மட்டுமில்லாமல் கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் 1,500-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஜூலையில் ஒரே ஊரில் கூடுவார்கள். எல்லோருக்கும் இரண்டு சுற்று. இரண்டின் நேரத்தையும் கூட்டிப் பார்த்து முதல் 20 பேருக்குக் கடைசிச் சுற்று. இந்தக் கணக்கில் முதல் சுற்றில் ஒரு கம்பம் விழுந்தாலே அந்தப் பிள்ளையின் ஜூலை ஏறக்குறைய முடிந்த மாதிரிதான். அதனால் அங்கே ஜெயிப்பவர்கள் பெரும்பாலும் ஒரு கம்பத்தையும் சாய்க்காமல் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி ஓடுகிறவர்கள். ஒரு தடவை மின்னல் மாதிரி ஓடிவிட்டு அடுத்த தடவை தடுமாறுகிற குதிரைக்கு அங்கே இடமில்லை.

இன்னொரு வருத்தம் பையன்களைப் பற்றியது. 1952-இல் கொலராடோவில் தொடங்கிய லிட்டில் பிரிச்சஸ் ரோடியோ சங்கத்தில் 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கு ஆண், பெண் வித்தியாசம் இல்லை. எல்லோரும் பீப்பாய் ஓடுவார்கள், எல்லோரும் கம்பம் ஓடுவார்கள். வழி மறந்துபோய் நடுக் களத்தில் நின்று அம்மாவைத் தேடும் குழந்தைக்கும் கைதட்டு விழும். உயர்நிலைப் பள்ளிக்கு வந்ததும் கம்பமும் பீப்பாயும் பெண்களுக்கு மட்டும் என்றாகிவிடுகிறது. பையன்கள் கயிற்றுக்கும் காளைக்கும் போய்விடுகிறார்கள். காளைக்குப் போகிற பையனுக்கும் பதினாறு வயது வரை கம்பம் ஓடிய இடுப்பும் காலும் இருந்தால் நல்லதுதானே என்று நான் கேட்டால் இங்கே யாரும் பதில் சொல்வதில்லை.

தலைக்கவசம் விஷயத்திலும் இப்படித்தான். கௌபாய் தொப்பிக்குப் பதில் தலைக்கவசம் போட்டுக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. போட்டுக்கொள்கிற பிள்ளைகள் முன்பைவிட அதிகம். ஆனாலும் தொப்பிதான் அழகு, தொப்பிதான் மரபு என்ற பேச்சு ஓயவில்லை. 450 கிலோ எடையுள்ள உயிர் முழு வேகத்தில் வளையும்போது கால் வழுக்கி விழுவதை ஒருமுறை பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அந்தப் பேச்சைப் பேசமாட்டார்கள். குழந்தைகளுக்காவது எல்லாக் களங்களிலும் இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

ஓட்டம் முடிந்த பிறகு நடப்பதைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். 20 நொடி ஓடிய குதிரையை மகள் அரைமணி நேரம் நடத்துகிறாள். மூச்சு அடங்கும் வரை விலா விம்மித் தணிவதைக் கவனிக்கிறாள். சேணத்தை இறக்கி, கால்களில் கட்டியிருக்கும் பாதுகாப்புப் பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறாள். உள்ளே சிக்கிய மணலைத் தட்டுகிறாள். அப்புறம் குனிந்து நாலு காலையும் முட்டிக்குக் கீழிருந்து குளம்பு வரை உள்ளங்கையால் மெதுவாகத் தடவிக்கொண்டே வருவாள். எங்காவது சூடு தெரிகிறதா, எங்காவது வீங்கியிருக்கிறதா. ஒரு காலில் சூடு தெரிந்தால் மற்ற மூன்றோடும் ஒப்பிட்டுப் பார்ப்பாள். அதற்கப்புறம்தான் அவளுக்குத் தண்ணீர், சாப்பாடு, தோழிகள், நேரம் என்ன வந்தது என்ற கேள்வி எல்லாம். இந்த வரிசையை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. அந்தம்மா செய்வதைப் பார்த்துப் பார்த்து வந்திருக்க வேண்டும்.

நல்ல கம்பக் குதிரைகள் பெரும்பாலும் வயசான குதிரைகள். பதினைந்து, பதினெட்டு வயதில்கூட ஓடிக்கொண்டிருக்கும். இளம் குதிரைக்கு இந்தக் கால் மாற்றமெல்லாம் படியவே வருஷங்கள் பிடிக்கும். படிந்த குதிரையை ஒரு பெண் பள்ளி முடிக்கும்போது யாரும் வீணாக்குவதில்லை. தங்கைக்குப் போகும், இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு, இல்லையென்றால் எங்களுக்கு வந்த மாதிரி லீஸுக்கு. எங்கள் குதிரையில் முன்பு ஓடிய பெண் இப்போது கல்லூரியில் கயிறு வீசுகிறாள். விடுமுறைக்கு வந்தால் லாயத்துக்கு வந்துவிடுவாள். என் மகளிடம் அவள் சொல்லும் விவரங்கள் எந்தப் பயிற்சியாளரும் சொல்லாதவை: மூன்றாவது இடைவெளியில் இது கொஞ்சம் சோம்பும், அங்கே வலது காலை எடுக்காதே, திரும்பும் பாய்ச்சலில் காதைப் பின்னால் மடக்கினால் கோபமில்லை, சந்தோஷம்.

வரும் கல்வியாண்டில் மகள் ஒன்பதாம் வகுப்பு. உயர்நிலைப் பள்ளி ரோடியோவில் சேரலாம். குதிரைக்கு அப்போது பத்தொன்பது வயது. போன மாதம் கால்நடை மருத்துவர் பின்னங்கால் மூட்டுகளைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு, ஓடலாம், ஆனால் இரண்டு போட்டியும் சேர்த்து வேண்டாம், ஏதாவது ஒன்று என்றார். பீப்பாயை வைத்துக்கொண்டால் கல்லூரிக்கு உதவும் என்று அவள் அப்பா சொல்லிப் பார்த்தார். மகள் அன்று ராத்திரியே முடிவெடுத்துவிட்டாள். பீப்பாயை விட்டுவிடுகிறாளாம்.